பார்க்காமல் எழுதிய ஸ்லைடு

எண்பதுகளில் எங்கள் பக்கத்தில் மலேரியா இல்லை என்று ஏதாவது அரசாங்கத் தாளில் படித்தால் நம்பிவிடாதீர்கள். அந்தத் தாளில் பாதியை எழுதியவள் நான்தான்.

ராஜபாளையத்தில் குடியிருந்தேன். அங்கிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன் வேலை. லேப் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேஜை, சன்னல் வெளிச்சத்தைக் கண்ணாடியில் வாங்கிக் காட்டுகிற பழைய மைக்ராஸ்கோப், கழுவ ஒரு அலுமினியச் சட்டி, அவ்வளவுதான். சுகாதார ஊழியர்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், காய்ச்சல் என்று சொல்கிறவர்களின் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து எடுத்து வருவார்கள். அதுதான் ஸ்லைடு. நான் அதைச் சாயத்தில் முக்கிக் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு லென்ஸுக்கடியில் வைத்து, மலேரியாப் பூச்சி இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். ஒழுங்காகப் பார்த்தால் ஒரு ஸ்லைடுக்கே கணிசமான நேரம் பிடிக்கும், கழுத்தும் கண்ணும் விட்டுப்போகும்.

ஒவ்வொரு ஊழியருக்கும் மாதம் இத்தனை ஸ்லைடு என்று டார்கெட் உண்டு. மாதக் கூட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கும். அதிகாரி ஒரு நீளமான தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் எழுப்பிவிடுவார். காய்ச்சலில் கிடந்தவர்கள் யார், பிழைத்தார்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை ஸ்லைடு என்பதுதான் கேள்வி. எண்ணிக்கை நிறைந்தவர் உட்காரலாம், குறைந்தவர் கூட்டம் முடிகிற வரை நிற்க வேண்டும். தலை நரைத்த மனிதர்கள் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி சுவரோரம் வரிசையாக நிற்பதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சேத்தூர்ப் பக்கத்து ஊர்களைப் பார்த்துக்கொண்ட ஊழியரை நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இழுப்பு நோய்க்காரர். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே வந்தால் பேச்சுக்கு முந்தி நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு விசில் வரும். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்திய ஏதோ ஒரு வருஷம், அவர் நேர்மையாக வீடு வீடாக ஏறி மூன்று பாசிட்டிவ் பிடித்திருக்கிறார். அதற்குக் கிடைத்த பரிசைக் கேளுங்கள். அந்த மூன்று பேர் இருந்த தெருக்களிலும் அத்தனை பேருக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார்கள். கொசுமருந்து அடிக்க ஆட்களைக் கூட்டிப்போன இடத்தில் ஊர்க்காரர்கள் நாற்றம் தாங்காமல் சண்டைக்கு வந்தார்கள். கூட்டத்தில் அதிகாரி, "உன் ஏரியாவில் மட்டும் எப்படியய்யா மலேரியா வருது? நீ என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்டு, உட்கார விடவே இல்லையாம். அதற்குப் பிறகு அவர் ஏரியாவில் பாசிட்டிவே வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை நான் சேர்ந்த மூன்றாம் மாதம் கண்டுபிடித்தேன். இழுப்பு உள்ளவர்களின் ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற அணு மிகுதியாக இருக்கும். சாயம் ஏறினால் மாதுளை முத்துப் போலச் சிவப்பாகத் தெரியும். அன்றைக்கு அண்ணாச்சி கொண்டுவந்த பெட்டியில் பன்னிரண்டு ஸ்லைடு. பட்டியலில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாகப் பன்னிரண்டு பெயர். பன்னிரண்டிலும் அதே மாதுளை முத்துக்கள் குவிந்து கிடந்தன.

"அண்ணாச்சி, உங்க ஏரியாவுல அம்புட்டுப் பேருக்கும் இழுப்பா?" என்றேன்.

அவர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டு கைகளையும் என் முன்னால் விரித்தார். விரல் நுனியெல்லாம் குத்தின தழும்பு, தோல் தடித்துச் சொரசொரவென்று இருந்தது.

"ஊர்க்காரன் விரலக் குடுக்க மாட்டேங்கான் தங்கச்சி. மில்லுக்குப் போறவன் போயிருதான், காட்டுவேலைக்குப் போறவ போயிருதா. வீட்டுல இருக்கது ஆடும் கோழியுந்தான். அதுகளையா குத்த முடியும்? அடுத்தவனக் குத்திப் பேச்சு வாங்குததுக்கு, நம்ம விரல நம்ம குத்திக்கிடலாம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவரும் சிரித்தார், சிரித்ததில் இழுப்பு வந்து உட்கார்ந்துவிட்டார். அந்த இடத்தில் நான் கோபப்பட்டிருக்க வேண்டும். கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்ததோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. எனக்கு அதில் ஒரு லாபம் இருப்பதைச் சீக்கிரமே தெரிந்துகொண்டேன்.

நான் நெகட்டிவ் என்று எழுதிய ஸ்லைடுகளில் ஒரு பங்கை மேலிடத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். அங்கே திரும்பப் பார்ப்பார்கள். நான் தவறவிட்ட பூச்சி ஒன்று அகப்பட்டாலும் எனக்கு மெமோ வரும். எந்த ஸ்லைடை அனுப்புவது என்று பொறுக்குகிற உரிமையை மட்டும் என்னிடமே விட்டிருந்தார்கள். வேறென்ன செய்வேன், அண்ணாச்சியின் ஸ்லைடுகளையே பொறுக்கி அனுப்பினேன். அவர் ரத்தத்தில் மலேரியா இல்லை என்பது எனக்கு நிச்சயம். மாதாமாதம் 'பிழை இல்லை' என்று பதில் வந்தது. ஒரு கூட்டத்தில் என்னை எழுப்பி, இப்படியல்லவா லேப் நடத்த வேண்டும் என்று எல்லோரையும் கைதட்டச் சொன்னார்கள். அண்ணாச்சியும் கைதட்டினார்.

நாளாக நாளாக அவருடைய பெட்டியை லென்ஸில் வைப்பதையே விட்டுவிட்டேன். சாயத்தில் முக்குவேன், காயவைப்பேன், ரிஜிஸ்டரில் முதல் வரியில் 'நெகட்டிவ்' என்று எழுதி அதற்குக் கீழே கடைசி வரை மேற்படிக் குறி போட்டுக்கொண்டே வந்துவிடுவேன். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளை, பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவிடம் அழுதுகொண்டிருக்கும். இதைச் சமாதானமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு இதைத்தான் சமாதானமாகச் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் நிலையத்துச் சுவரில் ஒரு படம் தொங்கும். மலேரியா உள்ள ஊர்களுக்குச் சிவப்பு, இல்லாத ஊர்களுக்குப் பச்சை. அண்ணாச்சியின் ஏரியா ஒரு இலை மாதிரிப் பச்சையாக இருந்தது. பச்சையாக இருக்கிற இடத்துக்கு மருந்து எதற்கு என்று, கொசுமருந்து அடிக்கிற ஆட்களை வேறு பக்கம் அனுப்பிவிட்டார்கள். மேலே உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் முட்டாள்கள் இல்லை. தங்கள் கைக்கு வந்த தாளைப் பார்த்துச் சரியாகத்தான் முடிவெடுத்தார்கள். அந்தத் தாளில் இருந்தது ஓர் இழுப்புக்காரரின் ரத்தம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியவள் நான், சொல்லவில்லை.

ஒரு மாதக்கடைசியில், மத்தியானத்துக்குப் பிறகு அண்ணாச்சி பெட்டியோடு வந்தார். வழக்கமாகப் பெட்டியை வைத்துவிட்டு டீக்குப் போகிறவர், அன்றைக்கு மேஜையருகிலேயே நின்றார்.

"தங்கச்சி, இந்தக் கடைசி ஸ்லைடு நெசமானது. இத மட்டும் செத்த நல்லாப் பாருங்க. தலைப்பிள்ளைக்காரி, ஏழு மாசம். புருசனோட வடக்க ரோடு போடுத வேலைக்குப் போயிட்டு, பேறுகாலத்துக்கு ஆத்தா வீட்டுக்கு வந்திருக்கா. நடுங்குதா பாருங்க, கட்டிலே ஆடுது. நாலு மாத்திரை குடுத்திருக்கேன். எனக்கென்னமோ சரியாப் படல."

"பாக்கேன் அண்ணாச்சி," என்றேன்.

பார்க்கத்தான் நினைத்தேன். அதைத் தனியாக எடுத்துக்கூட வைத்தேன். அன்று மாதக்கடைசி என்பதால் மேஜை நிறைய ஸ்லைடு. எல்லாவற்றையும் எழுதி முடித்து அனுப்பினால்தான் மறுநாள் கூட்டத்தில் தலை தப்பும். நாலரை மணிக்கு நான் மேற்படிக் குறி போட்டுக்கொண்டே வந்த வேகத்தில் அந்தக் கடைசி வரியிலும் போட்டுவிட்டேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இருந்தால் திருத்திவிடலாம் என்று நினைத்த ஞாபகம் இருக்கிறது. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம். அதற்கு மறுநாள் ஞாயிறு.

திங்கட்கிழமை காலையில் அண்ணாச்சி வந்துவிட்டார். "அந்தப் பிள்ளைக்குக் காச்சல் ரெண்டு நாள் விட்டுட்டு மறுபடியும் அடிக்கு தங்கச்சி. தனியார் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறாவ. ரத்தம் பாத்த சீட்டு இருந்தா கொண்டாங்கன்னாராம். அந்த ஸ்லைடு என்னாச்சு?"

இதோ பார்க்கிறேன், செத்த நேரம் உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஸ்லைடு என் கைக்கெட்டும் தூரத்தில், சாயம் ஏறிக் காய்ந்து, மரப்பெட்டியில் இருந்தது. பத்து நிமிஷ வேலை. ஆனால் இன்னும் பார்க்கவில்லை என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ரிஜிஸ்டரைத் திறந்தேன். என் கையெழுத்தில் என்ன இருக்கிறது என்று யாரோ எழுதினதைப் படிப்பது போலப் படித்தேன்.

"நெகட்டிவ், அண்ணாச்சி."

அவர் முகம் தெளிந்தது. "நல்லதாப் போச்சு. நான் ஒருத்தன், சும்மா பயந்து செத்தேன்," என்றார். துண்டுச் சீட்டில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதி, நெகட்டிவ் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ரப்பர் ஸ்டாம்பும் குத்திக் கொடுத்தேன். இங்க் பேடு காய்ந்திருந்ததால் இரண்டு தடவை குத்தினேன். அந்த டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு, மலேரியா இல்லையென்றால் டைபாய்டாகத்தான் இருக்கும் என்று அதற்கு மருந்து கொடுத்திருக்கிறார். கண்முன்னால் நடுங்குகிறவளைவிட என் ரப்பர் ஸ்டாம்பை அவர் நம்பினார். நானும் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஒரு வாரத்தில் அவளுக்கு நினைவு தப்பியது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ரத்தம் பார்த்ததும் மலேரியா என்றும், மூளைக்கு ஏறுகிற வகை என்றும் தெரிந்திருக்கிறது. அதற்குள் நேரம் தாண்டிவிட்டது. தாயும் வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டார்கள்.

செய்தி வந்த அன்று லேப் கதவைச் சாத்திக்கொண்டு அந்த ஸ்லைடை எடுத்து லென்ஸில் வைத்தேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. முதல் பார்வையிலேயே சின்னச் சின்ன மோதிரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கல் வைத்தாற்போல, வட்டம் முழுக்க. படிக்கிற காலத்தில் புத்தகத்தில் போட்டிருந்த படம்கூட அவ்வளவு துலக்கமாக இல்லை. மாதுளை முத்து ஒன்றுகூட இல்லை. நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மறுபடியும் பார்த்தேன். பிறகு அந்த ஸ்லைடை, திரும்ப உபயோகிப்பதற்காகக் கழுவுகிற மற்ற ஸ்லைடுகளோடு சேர்த்துச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். கை தானாகச் செய்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய். யோசித்துத்தான் செய்தேன்.

மதுரையிலிருந்து கடிதம் வந்து விசாரணை வைத்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே கூட்ட அறை, இப்போது நாலைந்து பேர்தான். என் துண்டுச் சீட்டு ஃபைலில் குத்தியிருந்தது. அண்ணாச்சி எழுந்து நின்று, "நெசமாவே அந்தப் பிள்ளை விரல்லதான் எடுத்தேன் அய்யா. அவ ஆத்தா சாட்சி," என்றார்.

அதிகாரி சிரித்தார். "உன் ஸ்லைடு லட்சணம் எனக்குத் தெரியாதாய்யா?" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவருக்கும் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் எண்ணிக்கை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்கு மேலே ஒரு கூட்டம், அதில் இவர் எழுந்து நிற்க வேண்டியிருந்திருக்கும்.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்கம்மா, ஸ்லைடில் என்ன இருந்தது?" என்று கேட்டார்.

என் வேலை, என் பிள்ளை, எனக்குத் தட்டின கை எல்லாம் ஒரே நொடியில் மனதில் வந்தன. "பூச்சி இல்லை சார்," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஈசினோஃபில் நிறைய இருந்தது சார்," என்றும் சொன்னேன்.

அந்த அறையில் அதன் அர்த்தம் முழுதாகப் புரிந்தவர் அண்ணாச்சி ஒருவர்தான். எங்கள் இரண்டு பேருக்குள் இருந்த ஒரே வேடிக்கை அது. அதை எடுத்து அவர் கழுத்தில் மாட்டினேன். அவர் என்னைக் கோபமாகப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. குனிந்து தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். போலி ஸ்லைடு கொடுத்தார் என்று அவருக்குச் சம்பள உயர்வை நிறுத்தி, பிளவக்கல் பக்கம் மாற்றிவிட்டார்கள். மலையடிவாரக் குளிர் இழுப்புக்கு ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும். சேத்தூர்ப் பக்கத்துக்கு மருந்தடிக்க ஆட்கள் வந்தார்கள். சுவர்ப் படத்தில் அந்த இலையில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தோம். வைத்தது நான்.

அதன்பின் ஒரு ஸ்லைடைக்கூட நான் பார்க்காமல் எழுதியதில்லை. டார்கெட் போனால் போகட்டும் என்று கூட்டங்களில் நின்றேன். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாயில்லை. திருந்தினேன் என்பதால் அவள் எழுந்து வரவில்லை.

தொண்ணூறுகளில் எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கே மாறுதல் கிடைத்தது. ஒருநாள் காலை வரிசையில் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். முகத்துக்கு முந்தி அந்த விசிலைத்தான் அடையாளம் கண்டேன். ஓய்வு பெற்று, கிருஷ்ணன்கோவிலில் மகள் வீட்டில் இருக்கிறாராம். டாக்டர் ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

"நல்லா இருக்கியளா தங்கச்சி?" என்றபடி விரலை நீட்டினார். "குத்துங்க, இது பழகின விரலுதான்."

ஊசி அந்தத் தடித்த தோலில் இறங்க இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அதே மாதுளை முத்துக்கள். நான் சீட்டை எழுதிவிட்டு அவரை உள்ளே கூப்பிட்டேன். வேறு யாரும் இல்லை.

அவராகத்தான் பேச்சை எடுத்தார். "அன்னைக்கு நீங்க சொன்ன பொறவுதான் தங்கச்சி, நான் என்ன செஞ்சேன்னு எனக்கே வெளங்குச்சு. அந்தப் பிள்ளை ஸ்லைடுல போட வேண்டிய நம்பர என் ரத்தத்து ஸ்லைடுல போட்டுட்டேன். பழக்க தோசம். அவ ரத்தம் வேற எவன் பேர்லயோ போயிருக்கு. ஆர்டர் வந்த மறுநா அவ ஆத்தா வீட்டுக்குப் போயி, நான்தான் கொன்னேன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தம்மா மண்ண வாரித் தூத்துனா. தூத்தட்டும்னு நின்னேன். இப்ப அவளும் இல்ல."

எத்தனையோ வருஷம் நான் இதை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "நீங்க நம்பர மாத்தல அண்ணாச்சி," என்றேன். "நான் அந்த ஸ்லைடப் பாக்கவே இல்ல. பாக்காம எழுதுனேன். அவ செத்த பொறவுதான் பாத்தேன். பாத்துட்டுக் கழுவிட்டேன். விசாரணையில சொன்னது பொய்."

அவர் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. திட்டுவார், எழுந்து வெளியே போய்ச் சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். அப்படிச் செய்தால் நன்றாயிருக்கும் என்றுகூட இருந்தது.

"பூச்சி தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுது."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"நெறையத் தெரிஞ்சுது அண்ணாச்சி."

"அப்ப நான் எடுத்தது சரியான ஸ்லைடுதான்," என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். எனக்கு அழுகை வந்தது, அழுவதற்கு எனக்கு உரிமை இல்லை என்றும் பட்டது, ஆனாலும் அழுதேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. எழுந்து மேஜை மேலிருந்த சீட்டை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனார். அங்கே நின்று, சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். திரும்பினார். குரலில் குத்தலோ கோபமோ இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"தங்கச்சி, இது பாத்துட்டுத்தான எழுதுனிய?"